கிறிஸ்தோபரை யாரும் டிஸ்மிஸ் செய்யவில்லை

கேள்வி: நான் கார் வாங்கியதற்கு, வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர், பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் பதக்கம் ஒன்று அனுப்பினார். டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்த நண்பர் ஒருவர், ‘இவர் போலிப் புனிதர். 1969-லேயே போப் இவரை லிஸ்டிலிருந்து தூக்கிவிட்டார்’ என்று சிரிக்கிறார். ஒரு புனிதரையே டிஸ்மிஸ் செய்யலாம் என்றால் மற்றவர்களை எப்படி நம்புவது? பதக்கத்தைக் கழற்றிவிடலாமா?

– வாசகர், தூத்துக்குடி

பதில்: கழற்ற வேண்டாம். உங்கள் நண்பர் பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பும் எழுதிவிட்டார்.

1969-ல் போப் ஆறாம் பவுல் திருச்சபையின் திருவழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தினார். உலகம் முழுவதற்குமான பொதுப் பட்டியலில் புனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். சிலரை அதிலிருந்து எடுத்து, ‘விரும்புகிற ஊர்கள் கொண்டாடிக்கொள்ளட்டும்’ என்று விட்டார்கள். அப்படி விடப்பட்டவர்களில் கிறிஸ்தோபரும் ஒருவர். பொது விடுமுறையாக இருந்த நாள் உள்ளூர் விடுமுறை ஆவது மாதிரி. அதற்காகத் திருவிழாவே பொய் என்று யாராவது சொல்வார்களா?

அதற்கு முன்பும் அவர் தன் நினைவு நாளின் நாயகர் இல்லை. ஜூலை 25 என்றால் சந்தியாகப்பர், அதாவது இயேசுவின் சீடர் யாக்கோபு, திருநாள். அந்தப் பூசையின் ஓரத்தில் கிறிஸ்தோபருக்கு ஒரு சிறு நினைவு மட்டும் உண்டு. ரோமை நாள்காட்டியில் அந்த இடமே 1550 வாக்கில்தான் அவருக்குக் கிடைத்தது. புனிதர்களின் பெயரேடான ரோமை மறைசாட்சியர் நூலில் ஜூலை 25-க்கு நேரே அவர் பெயர் இன்றும் இருக்கிறது. கிழக்குத் திருச்சபைகள் மே 9-ல் அவருக்கு விழா எடுக்கின்றன.

சரி, அவரை ஏன் எடுத்தார்கள்? அவருடைய வாழ்க்கை என்று கையில் இருப்பதெல்லாம் கதை. மூன்றாம் நூற்றாண்டில், சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) லிசியாப் பகுதியில் கொல்லப்பட்ட மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், என்பது மரபு. 452-லேயே கால்செதோன் பக்கம், அதாவது இன்றைய இஸ்தான்புல்லை ஒட்டி, அவர் பெயரில் கோயில் எழுந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. அத்தனை பழைய வணக்கத்தைப் போலி என்று ஒதுக்க முடியாது. ஆனால் உங்கள் பதக்கத்தில் இருக்கும் காட்சி, அதுதான் தோளில் குழந்தையோடு ஆற்றைக் கடக்கும் ராட்சதன், பழைய கிழக்கத்திய வரலாறுகளில் கிடையாது. அது பல நூற்றாண்டு கழித்து மேற்கே வந்து சேர்ந்தது. கிரேக்கத்தில் கிறிஸ்தோஃபோரோஸ் என்றால் ‘கிறிஸ்துவைச் சுமப்பவர்’. நெஞ்சில் சுமப்பவர் என்ற பொருளில் வைத்த பெயரை, பின்னால் வந்தவர்கள் தோளில் ஏற்றிவிட்டார்கள் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பெயர் முந்தியது, கதை பிந்தியது.

ஆனால் என்ன கதை, ஐயா! அதைக் கேட்காமல் பதக்கத்தைக் கழற்றக் கூடாது.

13-ஆம் நூற்றாண்டில், பின்னாளில் ஜெனோவாவின் பேராயரான யாக்கோபுஸ் என்ற டொமினிக்கன் துறவி எழுதிவைத்தபடி சொல்கிறேன். ஆள் கானான் தேசத்தவன், பன்னிரண்டு முழ உயரம். உலகிலேயே பெரிய ராஜாவிடம்தான் வேலை பார்ப்பேன் என்று கிளம்பினான். ஒரு ராஜாவிடம் சேர்ந்தான். பாட்டுக்காரன் பாட்டில் பேயின் பெயர் வரும்போதெல்லாம் அந்த ராஜா சிலுவை போட்டுக்கொண்டான். ஓகோ, இவனைவிட அவன் பெரியவன் போலிருக்கிறது என்று பேயிடமே வேலைக்குப் போனான். பேயோ வழியில் ஒரு சிலுவையைக் கண்டு நேர்ப்பாதையை விட்டுச் சுற்றிக்கொண்டு நடந்தது. அங்கும் கணக்கு முடித்துக்கொண்டு, சிலுவைக்கு உரியவரைத் தேடி ஒரு வனவாசியிடம் வந்து நின்றான்.

எனக்குக் கதையில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். ‘ஒருசந்தி (நோன்பு) இரு’ என்கிறார் வனவாசி. ‘அது நம்மால் ஆகாது, வேறு சொல்லுங்கள்’ என்கிறான். ‘அப்படியானால் கண்விழித்து நிறையச் செபம் சொல்.’ ‘செபம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது.’ வேறொரு சாமியாராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். இவர் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘அந்த ஆற்றில் கடக்கத் தெரியாமல் எத்தனையோ பேர் சாகிறார்கள். நீ நல்ல உயரம், நல்ல பலம். அவர்களைத் தூக்கிக் கரை சேர்த்துக்கொண்டிரு’ என்றார். ‘அது முடியும்’ என்று ஆற்றோரம் குடிசை போட்டுத் தங்கிவிட்டான்.

ஒரு ராத்திரி வெளியே குழந்தைக் குரல். எழுந்து போனால் யாரும் இல்லை. திரும்பவும் குரல், திரும்பவும் ஆள் இல்லை. மூன்றாம் முறை ஒரு சிறுவன் நின்றான். தோளில் ஏற்றிக்கொண்டு கழியை ஊன்றி இறங்கினான். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. பையனோ ஈயம் மாதிரி கனத்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறி, ‘உலகத்தையே தூக்கின மாதிரி இருந்ததப்பா’ என்றான். ‘உலகத்தை மட்டுமா, அதைப் படைத்தவனையும் சேர்த்துத்தான் தூக்கினாய். நம்பிக்கை இல்லையென்றால் குடிசை வாசலில் உன் கழியை நட்டு வை’ என்றது குழந்தை. காலையில் அந்தக் காய்ந்த கழி இலை விட்டு, பேரீச்சை காய்த்து நின்றது.

பயணிகளின் பாதுகாவலர் ஆனது இந்த ஆற்றால்தான். ஆனால் அன்றைய ஜனங்கள் அவரிடம் கேட்டது ஆக்சிடென்ட் ஆகாத வரம் அல்ல. மான்செஸ்டர் நூலகம் ஒன்றில் 1423 என்று ஆண்டு பொறித்த மரச்செதுக்கு அச்சுப்படம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் புக்ஸ்ஹைம் மடத்துச் சுவடி ஒன்றின் அட்டைக்குள் ஒட்டிக் கிடந்தது. ஐரோப்பாவில் ஆண்டு குறித்த அச்சுப்படங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. ஒரு கரையில் தண்ணீரில் சுழலும் மாவு ஆலை, மறுகரையில் லாந்தர் பிடித்த வனவாசி, நடுவில் நம்மவர். கீழே இரண்டு வரி லத்தீன்: கிறிஸ்தோபர் முகத்தை என்றைக்குப் பார்க்கிறாயோ, அன்றைக்கு உனக்குக் கெட்ட சாவு வராது.

கெட்ட சாவு என்றால் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இல்லாமல், சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லாமல், சட்டென்று போய்ச்சேர்வது. கொள்ளைநோய்க் காலத்தில் அதுதான் பெரிய பயம். அதனால்தான் கோயில் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் அவரை அத்தனை பெரிதாக வரைந்தார்கள். வேலைக்குப் போகிறவன் உள்ளே வரக்கூட வேண்டாம், வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். இங்கிலாந்தின் பழைய கிராமக் கோயில்களில் வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து இப்படி நிறையப் படங்கள் வெளிப்பட்டிருக்கின்றன. இந்த எட்டிப்பார்க்கும் பக்தியை அந்தக் காலத்திலேயே எராஸ்முஸ் என்ற பேரறிஞர் கிண்டலடித்திருக்கிறார். ஆக, உங்கள் நண்பருக்கு ஐந்நூறு வருஷ முன்னோடி உண்டு. என்ன, அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

கிழக்கே படமே வேறு. சில பழைய படங்களில் கிறிஸ்தோபருக்கு நாய்த் தலை! ‘கானானியன்’ என்ற லத்தீன் சொல் ‘நாய்’ என்பதோடு குழம்பியது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். முழுதாக ஒட்டவில்லை, ஆனாலும் சுவாரசியம். 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை இப்படி வரையக் கூடாது என்று தடையே போட்டது. உங்கள் பதக்கத்தில் மனிதத் தலைதானே? நல்லது.

கார் வந்தபோது, தோளில் சுமந்தவர் டாஷ்போர்டுக்கு ஏறினார். பிரான்சின் நார்மண்டியில் சேன்-கிறிஸ்தோஃப்-லெ-ஜஜோலே என்ற சிற்றூரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஜூலையில் கார்களை வரிசையாக நிறுத்திச் செபம் சொல்லி மந்திரிக்கிறார்கள். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால் கிறிஸ்தோபர் வண்டியிலிருந்து இறங்கிவிடுவார் என்று ஐரோப்பாவில் ஒரு பழைய ஜோக் உண்டு. பைபாஸில் உங்கள் வேகம் எனக்குத் தெரியாது.

நண்பருக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். நாள்காட்டியைத் திருத்திய அந்த 1969 ஆணையில் போப் இட்டிருக்கும் தேதி பிப்ரவரி 14. அதே திருத்தத்தில் பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட இன்னொருவர் புனித வாலன்டைன். அந்தத் தேதியில் நண்பர் யாருக்காவது ரோஜாப்பூ வாங்கிக் கொடுத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.