வெள்ளவத்தை மொட்டை மாடி ஹொட் டப்: கரண்ட் பில்லைக் குறைக்க

வணக்கம். உங்கள் ஹொட் டப்பின் (சுடுநீர்க் குளியல் தொட்டி) கரண்ட் பில்லைக் குறைப்பது எப்படி என்று கேட்டு, 1200 லீற்றர் டப், 3 கிலோவாட் ஹீற்றர், நாள் முழுக்க 38 பாகையில் ஓடுகிறது, தினமும் ஒரு வாளி தண்ணீர் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாளியில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் போனால் ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பமும் கூடவே போய்விடும். வாளி 10 லீற்றர் என்றால் தினமும் கிட்டத்தட்ட 7 யூனிட். கொழும்பில் குளிர் இல்லையே என்று நினைப்போம், ஆனால் கடற்காற்று திறந்த நீர்மேல் வீசிக்கொண்டே இருக்கிறது. முதலில் நீரைத் தொட்டபடி மிதக்கும் மூடி ஒன்று போடுங்கள், அதன்மேல் விளிம்பில் இடைவெளி இல்லாத தடித்த மூடி. கடல் பக்கம் ஒரு தடுப்பும் வையுங்கள். இவற்றைச் செய்யாமல் வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம்.

அப்புறம், நாள் முழுக்க ஹீற்றர் தேவையில்லை. ஆறிய நீரை 28 பாகையிலிருந்து 38க்கு ஏற்ற 14 யூனிட்தான், ஐந்து மணி நேரம் போதும். வார இறுதியில் மட்டும் குளிப்பவர் நீங்கள், மற்ற நாட்களில் நிறுத்தியே வையுங்கள். குமிழிக் காற்றையும் குளிக்கும்போது மட்டும் போடுங்கள், அது நீரைச் சீக்கிரம் ஆற்றிவிடும்.

அடிக்கடி பாவிப்பதென்றால் ஹீட் பம்ப் (காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீருக்குக் கொடுக்கும் கருவி) பாருங்கள். நம் சூடான காற்றில் ஒரு யூனிட்டுக்கு மூன்று, நான்கு மடங்கு வெப்பம் தரும். மூடி போட்டபின் வாளிக் கணக்கை எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.