சுவிஸ் மலை ரயிலுக்கு எந்தப் பாஸ்? முகவரிடம் காசு கட்டுமுன் கவனியுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. ஜேர்மனியில் முதுமாணி படிக்கிறாள். ஈஸ்டர் விடுமுறையில் சிநேகிதியோடு மூன்று நாலு நாள் சுவிஸ் மலை ஊர்களை ரயிலில் பார்த்துவர ஆசைப்படுகிறாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பயண முகவர், யூரெயில் பாஸும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா மலை ரயிலில் இருக்கையும் சேர்த்து எடுத்துத் தருவதாகவும், காசை இங்கேயே ரூபாயில் கட்டலாம் என்றும் சொல்கிறார். பேர்ணில் இருக்கும் என் தம்பியோ, "என்ர அரைக்கட்டண அட்டையைக் குடுத்துவிடுறன், பாஸ் எதுக்கு?" என்கிறான். எதைச் செய்வது?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா.

யூரெயில் என்பது பல ஐரோப்பிய நாட்டு ரயில்களில் திரிவதற்கான பாஸ், ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்பதை வைத்து இதைத் தீர்மானிப்பதில்லை. ஆள் எங்கே வசிக்கிறார் என்றுதான் பார்க்கிறார்கள். ஜேர்மன் வதிவிட அனுமதியோடு இருக்கும் உங்கள் மகள் யூரெயில் வாங்க முடியாது. அவருக்கு உரியது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான இன்ரர்ரெயில் பாஸ். இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்தவுடன் யூரெயிலை நீட்டும் முகவர், பிள்ளை எங்கே வசிக்கிறார் என்று கேட்கவேயில்லை என்றுதான் அர்த்தம். அந்தக் கேள்வியைக் கேட்காதவரிடம் காசு கட்டாதீர்கள்.

தம்பியின் அன்பு பெரியது. ஆனால் அவருடைய அட்டை அவர் பெயரிலும் படத்திலும் பதிவானது. பரிசோதகர் கையில் அகப்பட்டால் தண்டம் மட்டுமல்ல, மாணவ வதிவிடத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தேவையில்லாத தலையிடி. மாமா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி வேறு: படுக்க இடமும் இரவுச் சாப்பாடும். சுவிஸ் பயணத்தில் காசைத் தின்பது ரயிலைவிடத் தங்குமிடம்தான். தடைக் கணக்கிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே காசு போட்டு, மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) மாதம் 992 யூரோவை எடுத்துச் சீவிக்கும் மாணவிக்கு இது சின்ன விடயமில்லை.

இனி எதை வாங்குவது? ஒரே நாட்டுக்குள் சுற்றுவதற்கு, சுவிசுக்கு வெளியே வசிப்பவர்களுக்கென விற்கப்படும் சுவிஸ் ட்ரவல் பாஸே பொருத்தம். 2024இல் தொடர்ந்த 3 நாட்களுக்கான இரண்டாம் வகுப்புப் பாஸ் 244 பிராங். 25 வயது நிரம்பாதவருக்கு 172. அதே ஆண்டில் ஒரு மாதத்துக்கான சுற்றுலா அரைக்கட்டண அட்டை 120 பிராங். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். வாங்கும் அன்று பாருங்கள். நாள் முழுக்க ரயிலில் திரிவதானால் பாஸ் லாபம். ஒரு ஊரில் இருந்து நடந்து பார்க்கும் ஆளானால் அரைக்கட்டண அட்டை போதும். 25ஆவது பிறந்தநாள் கிட்டத்தில் இருந்தால், அதற்கு முன் போவதா பின் போவதா என்பதிலேயே எழுபது பிராங் தங்கியிருக்கிறது.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. செர்மாற்றிலிருந்து சென் மோறிட்ஸ் வரை ஏறக்குறைய 8 மணிநேரம், 291 பாலங்கள், 91 சுரங்கங்கள், 2,033 மீற்றர் உயர ஓபரல்ப் கணவாய். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாஸ் இருந்தாலும் இருக்கைப் பதிவுக்கு 50 பிராங் அளவில் தனியாகக் கேட்கிறார்கள். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன, அவற்றுக்குப் பதிவு தேவையில்லை. பதுளைக் கோச்சியில் திறந்த யன்னலோரம் நின்று வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: கண்ணாடிக் கூரைப் பெட்டியில் யன்னல் திறக்காது, படம் எடுத்தால் உங்கள் முகமும் சேர்ந்து விழும்.

ஆகவே பேர்ணில் தங்கிக்கொண்டு இப்படிச் செய்யலாம். ஒரு நாள் லுசேர்ன். அங்கிருந்து படகில் விற்ஸ்னாவ். அங்கிருந்து 1871இல் ஓடத் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயிலில் ரீகி உச்சி. படகும் மலை ரயிலும் பாஸுக்குள் அடக்கம். இன்னொரு நாள் இன்ரர்லாகன் வழியே லவுற்றர்புறுனன், வெங்கன். வெங்கன் வரை பாஸ் செல்லும். அதற்கு மேலே யுங்பிறவ்யொக் ரயில் நிலையத்துக்கு (3,454 மீற்றர்) போக 25 வீதக் கழிவு மட்டுமே. கழிவில்லாத விலை 200 பிராங் அளவில். அந்த ரிக்கெற்றை முன்கூட்டி வாங்கவே வேண்டாம். காலையில் இணையத்தில் மலையுச்சிக் கமராவைப் பார்த்து, முகில் இல்லையென்றால் மட்டும் முடிவெடுக்கலாம்.

மூன்றாம் நாளுக்குத்தான் கொஞ்சம் அவதானம் வேண்டும். பேர்ணிலிருந்து பிறிக் போகும் வேகமான ரயில் 2007இல் திறந்த 34.6 கிலோமீற்றர் நீள லொற்ஷ்பேர்க் சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும். மலையைக் காணவே முடியாது. ரயில் நேரம் பார்க்கும் செயலி அதைத்தான் முதலில் காட்டும். கண்டர்ஸ்ரெக் வழியாக என்று குறிப்பிட்டுத் தேடினால் பழைய மலைப்பாதையில் ஏறும் மெதுவான ரயில் கிடைக்கும். பிறிக்கிலிருந்து அண்டர்மற், டிசென்டிஸ், கூர் வரை சாதாரண ரயில்களில் மாறி மாறிப் போனால் கிளேசியர் எக்ஸ்பிரஸ் பாதையின் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம். ஓபரல்ப் கணவாயும் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கும் இந்த வழியில்தான் வருகின்றன. விடியப் புறப்பட்டால் சூரிச் வழியாக இரவுச் சாப்பாட்டுக்கு மாமா வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பாஸை மகளே தன் ஜேர்மன் வங்கி அட்டையால், தன் பெயரில் இணையத்தில் வாங்கட்டும். ரூபாயில் கட்டினால் மாற்று வீதத்துக்குள் முகவரின் கூலி ஒளிந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மருத்துவக் காப்புறுதி. ஜேர்மன் காப்புறுதி அட்டையின் பின்பக்கத்திலுள்ள ஐரோப்பிய அட்டை எங்கும் செல்லும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டுக் குடிமக்களுக்கு அது சுவிசில் செல்லாது. பனிப் பாதையில் கால் சறுக்கி விழுந்தால் வரும் பில்லை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான மருத்துவக் காப்புறுதி ஒன்றைப் புறப்படுமுன் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் மூலப்பிரதியாகவே கையில் இருக்க வேண்டும், நிழற்பிரதி போதாது.

காசு இறுக்கமாக இருந்தால் ஜேர்மனிக்குள்ளேயே மலை உண்டு. ஜேர்மனி முழுக்கச் செல்லும் மாணவர் டொய்ச்லண்ட் ரிக்கெற் வைத்திருந்தால், மேலதிகச் செலவில்லாமல் பிராந்திய ரயில்களில் கார்மிஷ், மிற்றன்வால்ட், ஓபர்ஸ்டோர்வ் போகலாம். ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் வரையும் அது செல்லும். ஐ.சி.ஈ. போன்ற தூர ரயில்களில் மட்டும் ஏறக்கூடாது.

கேள்வி: என் மகன் லண்டனில் படிக்கிறான். இதே பயணம் அவனுக்கும் சரிவருமா?
- ஒரு தந்தை, சாவகச்சேரி

பதில்: பிரித்தானிய மாணவ விசாவில் சுவிசுக்குள் போக முடியாது. ஷெங்கன் விசா (ஜேர்மனி, சுவிஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) தனியாக வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. விசா கைக்கு வரும்வரை திருப்பிக் கொடுக்காத வகை ரிக்கெற் எதையும் வாங்க விடாதீர்கள். விசாத் தொல்லை இல்லாத மலைப் பயணம் வேண்டுமென்றால் ஸ்கொட்லாந்தில் வோர்ட் வில்லியமிலிருந்து மலேக் வரை போகச் சொல்லுங்கள். 21 வளைவுகள் கொண்ட கிளென்வினன் பாலம் அந்த வழியில்தான். சுற்றுலாவுக்கென ஓடும் நீராவி ரயில் விலை கூட. வழமையான ரயிலும் அதே பாலத்தில்தான் போகிறது. 16-25 ரெயில்கார்ட் என்ற கழிவு அட்டை எடுத்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வயது 26ஐத் தாண்டினாலும் முழுநேர மாணவரென்றால் அதை வாங்கலாம்.