தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்று நிம்மதி அடையாதீர்கள்

கேள்வி: முதல் பிரசவம், மகனுக்கு 11 நாள் ஆகிறது. பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைத்தார்கள், சீம்பாலை இரண்டு நாள் பீய்ச்சி ஊற்றிவிட்டார்கள். பூண்டு, பால்சுறா எல்லாம் சாப்பிட்டும் என் பால் தண்ணீராக இருக்கிறது என்கிறார் மாமியார். யூடியூபில் பார்த்து பால் ஊறும் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். மல்லிகைப்பூ வைத்தால் பால் வற்றுமா? பவுடர் பால் ஆரம்பிக்கலாமா? நல்லவேளை, உரைமருந்து கொடுத்தால் ஐந்து மணி நேரம் தூங்குகிறான், ஒன்றுக்கும் மூன்று, நான்கு தடவைதான் போகிறான், அதில் ஒன்றும் தொந்தரவு இல்லை.
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்தக் கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்தியது. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன், இதே நிலையில் இருக்கிற மற்ற அம்மாக்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு குழந்தை 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு தடவையாவது துணி நன்றாக நனையும்படி சிறுநீர் போக வேண்டும், மலம் கருப்பு மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். பால் போதாத குழந்தை முதலில் அழும், அப்புறம் அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் தூங்க ஆரம்பித்துவிடும், வீட்டில் எல்லோரும் சமர்த்துப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்றைக்கே குழந்தை மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ கொண்டு போய்க் காட்டி எடை பாருங்கள். பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். மஞ்சள் காமாலை இருக்கிறதா என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். எழுப்பினாலும் எழவில்லை, வாயில் வைத்தாலும் சப்பவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, உடம்பு சூடாகவோ ஜில்லென்றோ இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உரைமருந்தை இந்த நிமிடமே நிறுத்துங்கள். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, பாட்டி அன்பாகத்தான் செய்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும் பொருள். இவன் அதனால்தான் தூங்குகிறானா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் பாலுக்கு எழ வேண்டிய குழந்தையைத் தூங்க வைக்கிற எதுவும் வேண்டாம். தேனும் வேண்டாம், ஒரு வயது முடியும்வரை, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குழந்தையின் தசைகளைத் தளர்த்தி மூச்சையே நிறுத்தக்கூடியது. சேனை வைத்தது முடிந்துபோன விஷயம், சீம்பால் போனதும் அப்படித்தான். நோய் எதிர்ப்புச் சத்து நிறைந்த முதல் உணவு அது, அடுத்த பிரசவத்தில் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இப்போது அதை நினைத்து அழுவதால் பால் ஊறாது.

சரி, உண்மையில் நீங்கள் கேட்க நினைத்தது என் பால் என் பிள்ளைக்குப் போதுமா என்பதுதான். நிறத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தாய்ப்பால் ஆரம்பத்தில் தண்ணீராகத்தான் வரும், ஒரு பக்கம் தீரத்தீரக் கொழுப்பு கூடும், அதனால் ஒரு பக்கத்தை முழுதாகக் குடிக்க விட்டு அப்புறம் மறுபக்கம் மாற்றுங்கள். பால் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுதான் மறுபடி ஊறும். ஐந்து மணி நேரம் மார்பு காலியாகாமல் இருந்தால், போதும் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். பகல், இரவு சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுங்கள், இப்போதைக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியே கொடுங்கள், துணியைத் தளர்த்தி உள்ளங்காலைத் தேய்த்தால் எழுவான். காம்பை மட்டும் சப்பாமல் கருவளையமும் வாய்க்குள் போகிறதா என்று செவிலியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், முதல் பிரசவத்தில் பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். சப்பத் தெம்பில்லையென்றால் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுக்கலாம். பவுடர் பால் தேவையா என்பதை எடை பார்த்தபின் மருத்துவர் சொல்லட்டும், அவர் சொன்னால் குற்ற உணர்ச்சி வேண்டாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக டப்பாவைத் திறக்காதீர்கள்.

பூண்டு, பால்சுறா அளவாகச் சாப்பிடலாம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதை மட்டும் ஏற்காதீர்கள், தாகத்துக்குக் குடியுங்கள். மல்லிகைப்பூவைத் தலையில் வைப்பதால் பயமில்லை. பால் வற்றுவதற்காக மார்பில் வைத்துக் கட்டுவது வேறு, அதில் பலன் இருப்பதாக வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988-லேயே எழுதியிருக்கிறார்கள்.

அந்த மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். வீடியோவில் பேசுகிறவருக்கு உங்கள் இதயத்தைப் பற்றி என்ன தெரியும்? இதற்காகக் கடைகளில் வாங்கப்படும் டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரையே குலைக்கும், வேறு சில மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். குழந்தை சரியாகச் சப்பாதபோது மாத்திரையை நம்பிப் பயனும் இல்லை. நிறுத்திவிட்டு, அட்டையைக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.