கதவு உள்பக்கம் பூட்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் 40 பேர் வேலை பார்க்கும் அலுவலகம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஆயுதத்தோடு யாரேனும் உள்ளே புகுந்தால் என்ன செய்வது என்று ஒரு திட்டம் எழுதித் தரும்படி மேலாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ‘ஓடு, ஒளி, எதிர்த்து நில்’ என்ற சுவரொட்டியை ஒட்டினாலே போதும் என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். போதுமா?

பதில்: சுவரொட்டியை ஒட்டுங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் மாநகராட்சி 2012இல் வெளியிட்ட காணொளியின் வழியாகப் பரவிய அந்த மூன்று சொற்களின் வரிசை சரியானதுதான். பிரிட்டனில் அதையே சற்று மாற்றி ‘ஓடு, ஒளி, தகவல் சொல்’ என்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது, எந்த அறையில் ஒளிவது என்பதை உங்கள் மாடியை நேரில் நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். அந்த வேலையைத்தான் மேலாளர் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்.

இதை முன்கூட்டியே செய்யச் சொல்வதற்குக் காரணம் நேரம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., 2000 முதல் 2013 வரை அந்நாட்டில் நடந்த 160 துப்பாக்கித் தாக்குதல்களை ஆராய்ந்தது. எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிந்த 63 நிகழ்வுகளில் 44 ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. அவற்றிலும் 23 இரண்டு நிமிடங்களைத் தாண்டவில்லை. காவல்துறை எவ்வளவு விரைந்து வந்தாலும், அதற்கு முந்தைய சில நிமிடங்கள் உள்ளே இருப்பவர்களின் கையில்தான் இருக்கின்றன.

ஆகவே, ஒரு மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, தாளும் பேனாவுமாக ஒவ்வோர் இருக்கையிலும் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து வெளியேற எத்தனை வழிகள் இருக்கின்றன, வாசல் பக்கம் ஆபத்து என்றால் மற்றொரு வழி எது என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கப் படிக்கட்டின் கதவைத் தள்ளித் திறந்து, கீழே தெரு வரை ஒருமுறை இறங்கிப் போய்ப் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அவசர வழிக் கதவு முக்கால் அடிதான் திறந்தது. அதன் மறுபக்கம் காகிதப் பெட்டிகளை இடுப்பளவு அடுக்கி வைத்திருந்தார்கள், அவற்றின் மேல் தூசி படிந்திருந்தது. அத்தனை மாதங்களாக அந்தக் கதவை யாரும் தொட்டே பார்க்கவில்லை என்று நினைக்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது.

அடுத்தது அறைகள். கதவு உள்பக்கம் பூட்டுமா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், ஏனென்றால் பல அலுவலகங்களில் சாவியை வெளியிலிருந்துதான் போட முடியும். அப்படியானால் பூட்டுவதற்காக ஒருவர் ஆபத்து நடமாடும் நடைபாதைக்கே வர வேண்டியிருக்கும். 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் தாக்குதல் நடந்த கட்டடத்தின் வகுப்பறைகளை உள்ளிருந்து பூட்ட முடியவில்லை. அங்கே 205ஆம் எண் அறையில் இருந்த மாணவர்கள் ஒரு பெரிய மேசையைக் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கொலையாளி கதவின் ஊடாகச் சுட்டும் உள்ளே நுழைய முடியவில்லை, அந்த அறையில் ஒருவருக்கும் காயம் படவில்லை. கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் மேசையை முட்டுக் கொடுத்துப் பயனில்லை என்பதையும் கவனியுங்கள். அப்படிப்பட்ட அறைக்கு உள்தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

ஒளிந்தவர்கள் விளக்கை அணைத்து, கைபேசியின் ஒலியையும் அதிர்வையும் நிறுத்தி, கதவுக்கு நேரே நிற்காமல் சுவரோரமாக இருக்க வேண்டும். தீ எச்சரிக்கை மணியை யாரும் அடிக்கக் கூடாது, அது எல்லோரையும் நடைபாதைக்கு வரவழைத்துவிடும். அறிவிப்பில் சங்கேதச் சொல் எதற்கு? ‘ஆயுதத்தோடு ஒருவர் வரவேற்பறையில் இருக்கிறார்’ என்று பச்சையாகச் சொன்னால் புதிதாகச் சேர்ந்தவருக்கும் விருந்தினருக்கும் புரியும். காவலர்கள் வந்ததும் வெறுங்கைகளை விரித்து உயர்த்திக் காட்டுங்கள், கையில் கைபேசிகூட இருக்க வேண்டாம். அவர்கள் காயமடைந்தவர்களைக் கடந்து போவதைப் பார்த்தால் கோபம் வரலாம். தாக்குபவரைத் தடுப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை.

அதனால்தான் இரத்தப்போக்கை நிறுத்த நீங்களே கற்றிருக்க வேண்டும் என்கிறேன். பெரிய தமனி அறுந்தால் ஐந்து நிமிடங்களுக்குள் உயிர் போய்விடலாம். சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, இரண்டு கைகளாலும் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். கை, கால் காயம் என்றால், இரத்த ஓட்டத்தையே தடுக்கும்படி இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, உடலை ஒட்டிய பக்கமாக, மூட்டைத் தவிர்த்துக் கட்டி, இரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். முதலுதவிப் பெட்டியில் இப்போது பிளாஸ்திரி மட்டும்தான் இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள்.

கேள்வி: ஒத்திகை உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக, முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவரை முகமூடியோடு நுழையச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அப்படிச் செய்தால் கீழே விழுந்து அடிபடுபவர்கள் உண்டு, பழைய வன்முறையின் நினைவு கிளறப்பட்டு வாரக்கணக்கில் தூக்கமிழப்பவர்களும் உண்டு. தேதியை முன்பே சொல்லி, அமைதியாக நடந்து காட்டுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் செவித்திறன் குறைந்தவரும் எப்படி வெளியேறுவார்கள் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்களோடு வேலை பார்க்கும் ஒருவர், ‘என்னை வேலையை விட்டு அனுப்பினால் சும்மா விடமாட்டேன்’ என்று இரண்டு முறை சொன்னார். மேலிடத்தில் சொன்னால் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில்: சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள். எஃப்.பி.ஐ. 2018இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தாக்குதல் நடத்திய 63 பேரும் சராசரியாக நான்கைந்து கவலைக்குரிய அறிகுறிகளை முன்பே பிறர் கண்ணில் படும்படி காட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் காவல்துறையின் காதுக்கு எட்டியது 41 விழுக்காட்டினரைப் பற்றித்தான். கோபத்தில் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்பது உண்மை. அதனால்தான் அதை எடைபோடும் பொறுப்பை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. அவர் சொன்ன சொற்களை அப்படியே, நாளோடும் இடத்தோடும் எழுதி மனிதவளத் துறையிடம் கொடுங்கள். ‘அவர் ஆபத்தானவர்’ என்ற உங்கள் முடிவைச் சேர்க்க வேண்டாம். ஆயுதத்தைப் பற்றியோ, குறிப்பிட்ட ஆளையோ நாளையோ சுட்டியோ பேசினால் நேராகக் காவல்துறைக்குப் போங்கள். நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை: அந்த மனிதருக்கு ஒரு குறை இருக்கிறது, அதை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை என்றே தோன்றுகிறது. அவரை வேலையிலிருந்து அனுப்புவதுதான் முடிவு என்றாலும், எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தாமல், தனியறையில், கணக்கு முழுவதையும் தீர்த்து, மரியாதையோடு அனுப்புங்கள். அவருடைய நுழைவு அட்டையை அதே நேரத்தில் செயலிழக்கச் செய்துவிட்டு, வரவேற்பறையில் இருப்பவருக்கும் தெரியப்படுத்துங்கள்.