கோல்ஃபில் இடப்பக்கம் ஏரி, 350 மீட்டர் பார் 4: டிரைவர் மட்டையைப் பையிலேயே விடுங்கள்

பார் 4 என்றால் நான்கு அடியில் (ஷாட்டில்) முடிக்க வேண்டிய குழி. உங்கள் ஹேண்டிகேப் 18, அதாவது 18 குழிகளுக்கும் சேர்த்து 18 அடி சலுகை. அந்தக் குழியோ இண்டெக்ஸ் 1, கடின வரிசையில் முதல். அதனால் இங்கே ஒரு அடி சலுகை உண்டு. 5 அடியில் முடித்தாலே, சலுகை கழித்து, நெட் பார். பிறகு எதற்கு டிரைவரில் ஹூக் (இடப்பக்கம் வளையும் அடி) அடித்து ஏரிக்குப் பந்து தானம்? ஹைப்ரிட் மட்டையில் 170 மீட்டர், 7 அயர்ன் மட்டையில் 120, மிச்சம் 60 மீட்டருக்குக் குட்டை அடிக்கான வெட்ஜ்.

ஏரிப் பக்கமாகவே, தொடக்க இடத்தின் இடது குறியை ஒட்டி டீ (பந்தை வைக்கும் ஆணி) குத்துங்கள். அங்கிருந்து ஃபேர்வேயின் (புல் வெட்டிய பாதையின்) வலது ஓரத்தைப் பார்த்தால் பந்து தண்ணீரை விட்டு விலகிக் கிளம்பும். உங்கள் ஹூக் வளைவு அதை நடுவுக்குக் கொண்டுவரும். பலர் பயந்து வலது ஓரத்தில் நின்று, ஏரியைப் பார்த்தே அடிக்கிறார்கள்.

வலது ரஃபில் (நீளப் புல்லில்) விழுந்தால் நீள அயர்ன் வேண்டாம். நம்மூர் மழைக்குப் பின் ஈரப்புல் கிளப்பின் (மட்டையின்) கழுத்தைப் பிடித்து முகத்தை மூடிவிடும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து மறுபடி இடப்பக்கம்தான். 9 அயர்னில் ஃபேர்வேக்கு வாருங்கள். நனைந்த தரையில் பந்து உருளாது, பறக்கும் தூரத்தை மட்டும் எண்ணுங்கள்.

அப்படியும் தண்ணீருக்குள் போனால், ஏரியின் எல்லையில் சிவப்புக் கம்பம் என்றால் தொடக்க இடத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு அருகே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து போடுங்கள். தண்டமாக ஒரு அடி கணக்கில் சேரும்.