பி-மதிப்பு (p-value) 0.03 வந்தால், நல் ஹைப்பாதிசிஸ் (null hypothesis, 'வித்தியாசம் எதுவும் இல்லை' என்ற தொடக்கக் கருதுகோள்) உண்மையாக இருக்க 3% வாய்ப்பு என்று எழுதுவதில் என்ன தப்பு?

நானும் முதலாம் ஆண்டில் இதே வரியை எழுதி மதிப்பெண் இழந்தவன்தான். விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரு சுழி மட்டும் இருந்தது, காரணம் எழுதவில்லை. அதனால் எங்கே பிசகினேன் என்று புரியவே இரண்டு வருடம் ஆனது.

பிசகு நிகழ்தகவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. யானைக்கு நான்கு கால் இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம், சரி. நான்கு கால் உள்ள ஏதோ ஒரு விலங்கு வருகிறது என்று மட்டும் சொன்னால் அது யானையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? இரண்டும் ஒன்றல்ல என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் யானைக்குப் பதில் நல் ஹைப்பாதிசிஸ், காலுக்குப் பதில் தரவு என்று வைத்தவுடன் நமக்கு மண்டை குழம்பிவிடுகிறது. பி-மதிப்பு சொல்வது, நல் ஹைப்பாதிசிஸ் உண்மை என்றே வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட, அல்லது இதைவிட அதீதமான தரவு கிடைக்க வாய்ப்பு எவ்வளவு என்பதை. நீங்கள் எழுதியது தரவைப் பார்த்தபின் நல் ஹைப்பாதிசிஸுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை. கேள்வியே தலைகீழ்.

எனக்கு இது உறைத்தது ஒரு நாணயக் கணக்கில்தான், அதையே சொல்கிறேன். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுகிறோம், 9 தலை விழுகிறது. இங்கே நல் ஹைப்பாதிசிஸ், நாணயம் சீரானது என்பது. சீரான நாணயமாக இருந்தால் 9 அல்லது 10 தலை விழ 1024-இல் 11 வாய்ப்பு. அதே அளவுக்குப் பூ பக்கம் சாய்ந்திருந்தாலும் சந்தேகப்பட்டிருப்போம் என்பதால் அதையும் சேர்த்தால் 1024-இல் 22, அதாவது 0.0215. இதுதான் பி-மதிப்பு.

இப்போது ஒரு பை நிறைய 1000 நாணயங்கள் இருக்கின்றன, அதில் 990 சீரானவை, மீதி 10 கோணல், கோணல் நாணயம் 90 சதவீதம் தலையே விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் 10 முறை சுண்டினால் சீரான 990-இல் சுமார் 21 நாணயங்கள் வெறும் அதிர்ஷ்டத்தால் அந்த எல்லைக்குள் வந்து நிற்கும். கோணல் 10-இல் சுமார் 7 வரும். மொத்தம் 28 சந்தேக நாணயங்கள், எல்லாவற்றுக்கும் பி-மதிப்பு 0.0215 அல்லது அதற்கும் குறைவு, ஆனால் அவற்றில் முக்கால்வாசி ஒரு குற்றமும் இல்லாத சீரான நாணயங்கள்! உங்கள் வரியின்படி அது 2 சதவீதமாக இருக்க வேண்டும், இங்கே 75 சதவீதம்.

பையை மாற்றுங்கள். பாதிக்குப் பாதி, 500 சீரானவை, 500 கோணல். அப்போது சீரானவற்றில் 11, கோணலில் 368 மாட்டும், சந்தேக நாணயம் சீரானதாக இருக்க வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. பி-மதிப்பு மாறவே இல்லை, அது நாணயம் எந்தப் பையிலிருந்து வந்தது என்று கேட்பதும் இல்லை. நீங்கள் எழுத ஆசைப்பட்ட எண்ணுக்கோ பை தெரிந்தே ஆக வேண்டும். அதற்கான சூத்திரம் பேயிஸ் தேற்றம், தாமஸ் பேயிஸ் இறந்தபின் 1763-இல் அச்சான அவருடைய கட்டுரையில் வந்தது. பெரும்பாலான ஆய்வுகளில் பைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சிக்கலே அதுதான்.

உங்களைக் குறை சொல்லவில்லை, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களே இதில் விழுகிறார்கள். 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி-மதிப்பு பற்றித் தனியாக ஓர் அறிக்கை விட்டு, கருதுகோள் உண்மையாக இருக்கும் நிகழ்தகவை அது அளப்பதில்லை என்று எழுத வேண்டியிருந்தது என்றால் பாருங்களேன். பாடப்புத்தகங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பேன். பி-மதிப்பை ஆதாரத்தின் அளவாகப் பார்த்தவர் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர். முன்கூட்டியே எல்லை வகுத்து முடிவெடுக்கும் முறை நெய்மன், பியர்சன் என்ற இரு புள்ளியியல் அறிஞர்களுடையது. ஃபிஷரும் நெய்மனும் பல வருடம் இதற்காகச் சண்டை போட்டார்கள், நம் புத்தகங்கள் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலக்கிப் பரிமாறிவிடுகின்றன. பி-மதிப்பு அதற்குக் கீழே வந்தால் நல் ஹைப்பாதிசிஸை நிராகரிக்கலாம் என்று வழக்கமாக வைக்கும் 0.05 எல்லை கூட இயற்கை விதி ஒன்றும் இல்லை, ஃபிஷர் 1925-இல் இருபதில் ஒன்று வசதியான எல்லை என்று எடுத்துக்கொண்டது நிலைத்துவிட்டது.

அப்புறம் இன்னொரு வரியும் உங்கள் விடையில் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், 'ஆகவே நல் ஹைப்பாதிசிஸை ஏற்கிறோம்' என்பது. 8 தலை விழுந்தால் பி-மதிப்பு 0.109, நிராகரிக்க முடியாது, அவ்வளவுதான். நாணயம் சீரானது என்று அது சொல்லவில்லை. 70 சதவீதம் தலை விழும் நாணயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல கோணல்தான், ஆனால் 10 முறை சுண்டும் இந்தச் சோதனையில் அது நூற்றுக்குச் சுமார் 15 தடவைதான் பிடிபடும். மீதி 85 தடவை தப்பித்துப் போகும். பிடிக்கத் திராணி இல்லாத சோதனையை வைத்து 'ஏற்கிறோம்' என்று எழுதினால் திருத்துகிறவர் சுழி போடத்தான் செய்வார். 'நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதுங்கள்.

உங்கள் 0.03-க்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "நல் ஹைப்பாதிசிஸ் உண்மையாக இருந்தால், இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு கிடைக்க 3 சதவீத வாய்ப்புதான் உண்டு. 5 சதவீத எல்லையில் அதை நிராகரிக்கிறோம்." அந்த 'இருந்தால்' விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு ஒருபக்கச் சோதனையா (தலைப் பக்கச் சாய்வை மட்டும் எண்ணுவது போல) இருபக்கமா (பூ பக்கத்தையும் சேர்ப்பது) என்று கேள்வியில் இல்லை. ஒருபக்கம் என்றால் அந்த முடிவு தரவைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்ததுதானா என்பதையும் சொல்லுங்கள், 9 தலை விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பூ பக்கத்தைக் கழற்றி 0.0215-ஐ 0.0107 ஆக்கிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.