கேளுங்கள், சொல்கிறோம்: சுமோ ரோபோவுக்கு என்ன வடிவம்?

கேள்வி: சார், கல்லூரிப் போட்டிக்கு 3 கிலோ சுமோ ரோபோ (எதிராளி ரோபோவை மேடையிலிருந்து வெளியே தள்ளுவது) செய்கிறோம். நீள அகலம் 20 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வட்டமாகச் செய்தால் எதிராளி முட்டினாலும் வழுக்கிவிடும் என்கிறான் நண்பன். சதுரம்தான் சரி என்பது என் கட்சி. எதுங்க நல்லது?
- கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. வட்டம் வழுக்கும், ஆனால் நீங்கள் முட்டும்போதும் அதேபோல் வழுக்கும். இடமும் வீண்: 20 செ.மீ. சதுரத்தில் 400 ச.செ.மீ. கிடைக்கும், வட்டத்தில் 314தான். அதற்காகச் சதுரமும் வேண்டாம். முன்பக்கம் முழு அகலம், பின்னால் சக்கரத்துக்கு இரு ஓரமும் வெட்டிய 'T' வடிவம்தான் எங்கள் தேர்வு.

அடித்தகட்டை 19.6 செ.மீ.க்கு வெட்டுங்கள். சரியாக 20 வைத்தால் பக்கவாட்டு போல்ட் தலை நீட்டிக்கொண்டு அளவுப் பெட்டிக்குள் இறங்காது. சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 3.5 செ.மீ. விட்டால் நடுவில் மிஞ்சுவது 12.6. கியர்பாக்ஸோடு மோட்டார் 6.3 செ.மீ.க்கு மேல் நீண்டால் இரண்டும் முதுகோடு முதுகு முட்டும். ஆகவே முதலில் மோட்டாரை வாங்குங்கள், அப்புறம் படம் போடுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, கோவை கணபதி பட்டறையில் வெட்டி வந்த தகட்டை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது எடை. சக்கர அச்சுக்கும் தரையைத் தொடும் முன்பக்க பிளேடுக்கும் (எதிராளியின் அடியில் புகும் சாய்வுத் தகடு) 16 செ.மீ. என்று கொள்வோம். எடை மையம் நடுவில், அதாவது அச்சுக்கு 8 செ.மீ. முன்னால் இருந்தால் 1.5 கிலோவைப் பிளேடே சுமக்கும். சக்கரத்துக்குப் பிடிமானம் பாதிதான். பேட்டரியைப் பின்னால் தள்ளி, மையத்தை 2 செ.மீ.க்குக் கொண்டு வந்தால் பிளேடின் பங்கு 375 கிராம். சோதிக்க, பிளேடைச் சமையலறைத் தராசில் வையுங்கள், சக்கரங்களை அதே உயரப் புத்தகத்தின் மேல் நிறுத்துங்கள். தராசு 300 முதல் 400 கிராம் காட்டினால் போதும். ரொம்பக் குறைந்தால், வேகமாகக் கிளம்பும்போது மூக்கு தூக்கும். எதிராளியின் பிளேடு அடியில் புகுந்துவிடும்.

3 மி.மீ. அலுமினியத்தில் முழுச் சதுரமே சுமார் 325 கிராம்தான் வரும். அக்ரிலிக் வேண்டாம், மோதலில் போல்ட் துளையிலிருந்து விரிசல் விடும்.

நான்கு சக்கரம் போட்டால் எடை முழுவதும் சக்கரத்தில் நிற்கும், நல்லதுதான். ஆனால் இடவல இடைவெளியைவிட முன்பின் இடைவெளி கூடினால், திரும்பும்போது டயர் பக்கவாட்டில் தேயும், மோட்டார் கரண்ட் ஏறும். L298N டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டு) ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும்.

கேள்வி: மைக்ரோமவுஸுக்கும் (சுவர் வைத்த புதிர்ப்பாதையில் தானே வழி தேடும் குட்டி ரோபோ) இதே வடிவம் ஆகுமா?
- பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஆகாது, அங்கே வட்டம் எடுபடும். பாதை 16.8 செ.மீ.தான். 10க்கு 12 செ.மீ. செவ்வகத்தின் மூலைவிட்டம் 15.6, நின்ற இடத்தில் திரும்பினால் பக்கத்துக்கு 6 மி.மீ. மிச்சம். அச்சு நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே மூலை சுவரில் உரசும். 10 செ.மீ. வட்டத்துக்கு நடு மையத்தில் அச்சு வைத்தால் பக்கத்துக்கு 3.4 செ.மீ. கிடைக்கும்.